உடைந்த லேப்டாப் திரைக்குச் சரியான மாற்றுத் திரையைக் கண்டுபிடிப்பது எப்படி

லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் சொல்லித் திரை வாங்கினால், பொருந்தாத திரை கைக்கு வர நிறையவே வாய்ப்பு உண்டு. ஒரே பெயரில், ஒரே ஆண்டில் விற்ற லேப்டாப்களுக்குள்ளேயே மூன்று நான்கு விதமான பேனல்கள் இருக்கும். லேப்டாப் தயாரிக்கும் நிறுவனங்கள் திரையைத் தாங்களே செய்வதில்லை. ஏ.யு.ஆப்ட்ரானிக்ஸ், பி.ஓ.இ., இன்னோலக்ஸ், எல்.ஜி. டிஸ்ப்ளே, ஷார்ப் போன்ற பேனல் நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. ஒரு மாதம் ஒருவரிடம், அடுத்த மாதம் இன்னொருவரிடம். போதாததற்கு, அதே மாடலின் மலிவு வகையில் 1366×768 புள்ளிகள் கொண்ட திரையும் உயர்ந்த வகையில் 1920×1080 திரையும் போட்டிருப்பார்கள்.

அதனால் நீங்கள் தேட வேண்டியது லேப்டாப்பின் பெயரை அல்ல, பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை. அந்த எண் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழுது திரையில்தானா?

கண்ணாடி விரிசல் விட்டு, மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டு பரவியிருந்தால் சந்தேகமே வேண்டாம், பேனல் போய்விட்டது. விரிசல் எதுவும் இல்லாமல் திரை இருண்டு கிடந்தாலோ கோடு கோடாக வந்தாலோ, வாங்குவதற்கு முன் சில சோதனைகள் செய்யுங்கள்.

ஒரு மானிட்டரையோ டிவியையோ எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்து, விண்டோஸ் விசையோடு பி விசையைத் தட்டுங்கள். வெளித்திரையில் படம் சுத்தமாக வந்தால் கிராபிக்ஸ் சிப் நன்றாக இருக்கிறது. அங்கேயும் அதே கோடுகள் வந்தால் புதுத் திரை வாங்குவது வீண், கோளாறு மதர்போர்டில் இருக்கிறது. வெளித்திரை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலேயே கோடு பதிவாகியிருந்தால் பேனல் மீது பழியில்லை.

திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் பேனல் படம் காட்டுகிறது, பின்னால் எரிய வேண்டிய பேக்லைட்தான் எரியவில்லை. அதற்குக் காரணம் பேனலாகவும் இருக்கலாம், கேபிளாகவும் இருக்கலாம், மதர்போர்டில் பேக்லைட்டுக்கு மின்சாரம் தரும் சிறு ஃப்யூஸாகவும் இருக்கலாம்.

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீலுக்குள் புகுந்து செல்லும் டிஸ்ப்ளே கேபிள் நைந்திருக்கிறது. அந்தக் கேபிளைத் தனியாக மாற்றலாம், திரையை மாற்றுவதைவிட மிகக் குறைந்த செலவு. இதைக் கவனிக்காமல் நல்ல பேனலைக் கழற்றி எறிந்தவர்கள் ஏராளம்.

டெல் லேப்டாப் என்றால் உள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. மெஷினை முழுதாக அணைத்து, டி விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைத் தட்டுங்கள். திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்கள் மாறி மாறி வரும். அந்த வெறும் நிறங்களிலேயே கோடோ திட்டோ தெரிந்தால் பேனலை மாற்றத்தான் வேண்டும்.

எண்ணை எடுப்பது: திறக்காமல் ஒரு வழி, திறந்து ஒரு வழி

ஒவ்வொரு பேனலுக்குள்ளும் எடிட் (EDID) என்ற சிறு தகவல் தொகுப்பு பதிந்திருக்கும். தான் யார், தன் அளவு என்ன, ரெசொல்யூஷன் (புள்ளிகளின் எண்ணிக்கை) என்ன என்று பேனல் லேப்டாப்புக்குச் சொல்வது அதன் மூலம்தான். கண்ணாடி நொறுங்கியிருந்தாலும், கீழ் ஓரத்தில் இருக்கும் சிறு சர்க்யூட் போர்டு பிழைத்திருந்தால் இந்தத் தகவலைப் படிக்க முடியும். வெளித்திரையை இணைத்துக்கொண்டு, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் பகுதியில் உள்திரையின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று எழுத்தும் நான்கு குறியீடும் சேர்ந்த ஒரு சொல் கிடைக்கும். முதல் மூன்று எழுத்து ஏ.யு.ஓ. என்றால் ஏ.யு.ஆப்ட்ரானிக்ஸ், சி.எம்.என். என்றால் இன்னோலக்ஸ், எல்.ஜி.டி. என்றால் எல்.ஜி. டிஸ்ப்ளே, எஸ்.டி.சி. என்றால் சாம்சங், எஸ்.எச்.பி. என்றால் ஷார்ப். பி.ஓ.இ. அப்படியே வரும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலில் மானிட்டர் பகுதியைப் பார்த்தால், பல பேனல்களுக்கு முழு எண்ணே எழுதியிருக்கும். லினக்ஸில் எடிட்-டீகோட் (edid-decode) என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும்.

இது நல்ல துப்பு, ஆனால் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். எண்ணின் கடைசி எழுத்துகள் இதில் விடுபடுவது உண்டு, திரையை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதும் இதில் தெரியாது. உடைந்த திரையை எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். வாங்கும் முன்பே கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்துவிடுவது நல்லது. கழற்றும் முறை கீழே வருகிறது.

ஸ்டிக்கரைப் பார்த்ததும் திகைப்பு வரும். பார்கோடுகள், வரிசை எண், தேதி, லேப்டாப் நிறுவனத்தின் உதிரிப்பாக எண், சான்றிதழ் முத்திரைகள் என்று ஏழெட்டு எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். எதைக் குறித்துக்கொள்வது? எந்த எண்ணின் தொடக்கத்தை ஒட்டி 116, 133, 140, 156, 160, 173 என்பது போல மூன்று இலக்கம் வருகிறதோ, அதுதான் பேனல் எண். அந்த மூன்று இலக்கம் திரையின் குறுக்களவு: 156 என்றால் 15.6 அங்குலம், 140 என்றால் 14 அங்குலம். மொபைலில் ஸ்டிக்கர் முழுவதையும், கனெக்டர் தெரியும்படி பேனலின் முழு முதுகையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ஸ்டிக்கரில் லெனோவோவின் எஃப்.ஆர்.யு. அல்லது டெல்லின் டி.பி.என். என்ற உதிரிப்பாக எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தேடும்போது இரண்டாவது வழியாக உதவும்.

எண் என்ன சொல்கிறது

பேனல் எண்ணை வாசிக்கத் தெரிந்தால், விற்பவர் சொல்வது சரியா என்று நீங்களே சரிபார்க்கலாம். பி156எச்ஏஎன்02.1 என்று ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து பி, இது ஏ.யு.ஆப்ட்ரானிக்ஸின் லேப்டாப் பேனல். 156 அளவு. அடுத்து வரும் எச் என்பது 1920×1080. அந்த இடத்தில் எக்ஸ் இருந்தால் 1366×768. அதற்கடுத்த ஏ என்பது ஐ.பி.எஸ். வகைப் பேனல் (பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதது), டி இருந்தால் டி.என். வகை (மலிவானது, பக்கவாட்டில் நிறம் மாறித் தெரியும்). கடைசியில் உள்ள 02.1 என்பது பதிப்பு.

பி.ஓ.இ. பேனல்களில் என்.வி. என்று தொடங்கினால் ஐ.பி.எஸ். வகை, என்.டி. என்று தொடங்கினால் டி.என்.; அளவுக்குப் பின் டபிள்யூ.எச்.எம். வந்தால் 1366×768, எஃப்.எச்.எம். வந்தால் 1920×1080. இன்னோலக்ஸில் என்156பிஜிஇ என்றால் 1366×768, என்156எச்ஜிஏ என்றால் 1920×1080 டி.என்., என்156எச்சிஇ என்றால் 1920×1080 ஐ.பி.எஸ்.

எல்.ஜி. பேனல்களில் எண்ணின் நடுவே வரும் சிறு கோட்டுக்கு (-) அடுத்து வரும் இரண்டு எழுத்துகள்தான் முக்கியம், லேப்டாப்பில் இருந்து பேனலுக்குப் படம் எந்த வகை இணைப்பில் வருகிறது என்பதை அவை சொல்லும். டி.எல். அல்லது எஸ்.எல். என்றால் பழைய எல்.வி.டி.எஸ். இணைப்பு, டி.பி. அல்லது எஸ்.பி. என்றால் புதிய இ.டி.பி. இணைப்பு. இன்னோலக்ஸிலும் கோட்டுக்குப் பின்னால் எல் வந்தால் எல்.வி.டி.எஸ்., இ வந்தால் இ.டி.பி. எண்ணின் முன்பாதி ஒன்றாக இருக்கிறதே என்று பின்பாதியைக் கண்டுகொள்ளாமல் வாங்குவதால் எவ்வளவு சேதம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

அதே எண் கிடைக்காவிட்டால்

பல சமயம் அதே பேனல் உற்பத்தியில் இருக்காது. கவலை இல்லை, வேறு நிறுவனத்தின் பேனலும் பொருந்தும். ஆனால் எவையெல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதலாவது அளவு. குறுக்களவு என்பது ஒளிரும் பகுதிக்கு மட்டும், சட்டத்தைச் சேர்க்காமல். 15.6 அங்குலத் திரையின் ஒளிரும் பகுதி சுமார் 344×194 மி.மீ., 14 அங்குலம் 309×174 மி.மீ., 13.3 அங்குலம் 294×165 மி.மீ., 17.3 அங்குலம் 382×215 மி.மீ. இவை 16:9 விகிதத் திரைகள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 16:10 விகிதத்தில் வரும் 16 அங்குலத் திரையின் அகலமும் ஏறக்குறைய அதே 344 மி.மீ.தான், உயரம் மட்டும் 215 மி.மீ. அகலத்தை மட்டும் ஸ்கேலால் அளந்து 15.6 என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

ஒளிரும் பகுதி ஒன்றாக இருந்தாலும் வெளி அளவு மாறும். 15.6 அங்குலத்தில் பழைய வகைப் பேனல்கள் 359.5 மி.மீ. அகலம். ஓரம் மெலிந்த புது லேப்டாப்களுக்கானவை 350.66 மி.மீ. ஒன்பது மி.மீ. வித்தியாசம், அகலமானதை மெலிந்த மூடிக்குள் நுழைக்கவே முடியாது. தடிமனும் கவனிக்க வேண்டியது. பழைய எல்.இ.டி. பேனல்கள் ஐந்து மி.மீ.க்கு மேல் தடிமன், ஸ்லிம் என்று விற்பவை நான்கு மி.மீ.க்கு உட்பட்டவை.

அடுத்தது பொருத்தும் முறை. சில பேனல்களில் மேலும் கீழும் ஸ்க்ரூ போடும் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஸ்க்ரூ துளைகள். மெலிந்த ஓர லேப்டாப்களில் காதே இருக்காது, பேனலின் முதுகை இழுவை டேப்பால் மூடியில் ஒட்டியிருப்பார்கள். காது இல்லாத இடத்தில் காது உள்ள பேனலை வாங்கிவிட்டு, காதை வெட்டிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த உலோகத் தகடு கண்ணாடியை விட்டு ஒரு நூல் தூரத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது கனெக்டர். இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும், தவறினால் போவது பேனல் மட்டுமல்ல.

இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் இ.டி.பி. இணைப்பு. 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து) ஓடும் 1366×768, 1920×1080 திரைகளுக்கு 30 பின், அதாவது கனெக்டருக்குள் 30 சிறு உலோக முனைகள். 4கே திரைகளுக்கும், 120, 144 ஹெர்ட்ஸ் வேகத் திரைகளுக்கும், தொடுதிரையின் கம்பிகளும் இதே கேபிளில் வரும் சில பேனல்களுக்கும் 40 பின். அதற்கு முந்தைய தலைமுறை எல்.இ.டி. லேப்டாப்களில் எல்.வி.டி.எஸ்., அதுவும் 40 பின். எல்.வி.டி.எஸ். 40 பின் கனெக்டரும் இ.டி.பி. 40 பின் கனெக்டரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றில் இன்னொன்று அழகாகப் போய் உட்காரவும் செய்யும். ஆனால் எந்தப் பின்னில் மின்சாரம், எந்தப் பின்னில் சிக்னல் என்பது இரண்டிலும் வேறு வேறு. மாற்றிச் செருகி ஆன் செய்தால், மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போய்ப் பேனலையும் மதர்போர்டின் பேக்லைட் சர்க்யூட்டையும் எரித்துவிடலாம். உள்ளே போகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று எண்ணாதீர்கள். பேனல் எண்ணை வைத்துத் தரவுத்தாளில் இணைப்பு வகையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பேனல்லுக் போன்ற தளங்களில் எண்ணைப் போட்டால் அளவு, இணைப்பு, பின் எண்ணிக்கை, வெளிச்சம் எல்லாம் வரும்.

கனெக்டர் முதுகில் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேபிளில் உபரி நீளம் இருக்காது. இரண்டு விரல் தள்ளி இருந்தாலே எட்டாது. 30 பின் கனெக்டரிலேயே அகலமானது, குறுகியது என்று இரண்டு உண்டு. பின்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒன்றில் 0.5 மி.மீ., மற்றதில் 0.4 மி.மீ. பின் எண்ணிக்கை சரி என்பதால் வாங்கிவிட்டுச் செருக முடியாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள். பழைய கனெக்டரின் அகலத்தையும் அளந்து வையுங்கள்.

மற்றவை உங்கள் விருப்பம். மேற்பரப்பு பளபளப்பானதா, எதிரொளி தராத மேட் வகையா என்பது பொருந்துவதைத் தடுக்காது. வெளிச்சம் 220 நிட்ஸில் இருந்து 400க்கு மேல் வரை உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் 300க்குக் கீழே வாங்க வேண்டாம். நிற வீச்சு, அதாவது திரை காட்டக்கூடிய நிறங்களின் பரப்பு, என்.டி.எஸ்.சி. என்ற அளவுகோலில் 45 சதவீதம் என்று இருந்தால் நிறங்கள் வெளுத்துத் தெரியும். 72 சதவீதம் என்றால், கணினிகளுக்கான பொது நிற அளவான எஸ்.ஆர்.ஜி.பி.யை ஏறக்குறைய முழுதாக எட்டும். புகைப்படமும் வடிவமைப்பும் பார்ப்பவர்கள் இந்த ஒரு எண்ணுக்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம், வீண்போகாது.

1366×768 இருந்த இடத்தில் 1920×1080 போடலாமா?

போடலாம், பல லேப்டாப்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பேனலை மட்டும் மாற்றினால் போதுமா என்பது கேபிளைப் பொறுத்தது. இ.டி.பி. இணைப்பில் சிக்னல், லேன் எனப்படும் கம்பி ஜோடிகளில் ஓடுகிறது. வழக்கமான 2.7 கிகாபிட் வேகத்தில் ஒரு லேன் படத்துக்காகச் சுமக்கக்கூடியது நொடிக்கு 2.16 கிகாபிட். 1366×768 திரைக்கு அது தாராளம். 1920×1080 திரைக்கு 60 ஹெர்ட்ஸில் சுமார் 3.3 கிகாபிட் தேவை, அதற்கு இரண்டு லேன் வேண்டும். மலிவு வகை லேப்டாப்பின் கேபிளில் ஒரு லேனுக்கு மட்டுமே கம்பி இழுத்திருப்பது உண்டு. அப்படிப்பட்ட கேபிளில் 1920×1080 பேனலை மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது குறைந்த ரெசொல்யூஷனில்தான் படம் வரும். அதே மாடலில் தொழிற்சாலையிலேயே 1920×1080 வகை விற்றிருந்தால், அந்த வகைக்கான கேபிளின் எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்து அதையும் சேர்த்து வாங்குங்கள். அப்படி ஒரு வகையே வரவில்லை என்றால் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

60 ஹெர்ட்ஸ் திரையை 144 ஆக்குவதிலும் இதே கதை. 30 பின் கேபிள் போய் 40 பின் கேபிள் வர வேண்டும், மதர்போர்டும் அத்தனை லேன்களைத் தர வேண்டும்.

தொடுதிரையும் மேக்புக்கும்

தொடுதிரை இருவகை. தொடு உணர்வு பேனலுக்குள்ளேயே இருந்தால் சாதாரணப் பேனல் போலவே மாற்றலாம், 40 பின் என்பதை மட்டும் கவனித்தால் போதும். முன்னால் தனிக் கண்ணாடி ஒட்டியிருக்கும் வகையில் கண்ணாடியும் பேனலும் பசையால் ஒன்றாகியிருக்கும். அவற்றைப் பிரிக்கும் முயற்சியில் தூசியும் குமிழியும் நுழைந்துவிடும், பேனலும் உடையும். கண்ணாடியோடு சேர்ந்த முழுத் தொகுப்பாக வாங்குங்கள்.

மேக்புக்கில் பேனலைத் தனியாக மாற்றுவது வீட்டு வேலை அல்ல. மூடி முழுவதையும் மாற்றுவதுதான் நடைமுறை. அடிப்பக்கம் ஏ என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருக்கும், உதாரணமாக 2020இல் வந்த எம்1 ஏருக்கு ஏ2337. அந்த எண்ணுக்கான மூடியைத்தான் வாங்க வேண்டும். பக்கத்து எண்ணுக்கானது தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் பொருந்தும் என்று நம்ப முடியாது. மாற்றிய பிறகு, அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தைச் சரிசெய்யும் ட்ரூ டோன் வசதி காணாமல் போவதும் உண்டு.

சாதாரண லேப்டாப்பிலும் முழு மூடியையே வாங்க வேண்டிய நிலை ஒன்று இருக்கிறது: கீல் உடைந்திருந்தாலோ, பின்மூடி வளைந்திருந்தாலோ. மூடியின் மீது ஸ்டீல் ஸ்கேலை நேராக வைத்து, நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். வளைந்த மூடிக்குள் புதுப் பேனலை வைத்தால் சில நாளில் அதுவும் விரிசல் விடும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

"இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று மட்டும் எழுதியிருக்கும் இடத்தில் வாங்காதீர்கள். எந்தப் பேனல் எண்ணை அனுப்பப் போகிறீர்கள் என்று கேளுங்கள், அனுப்பப் போகும் பேனலின் முதுகுப் படத்தையே கேளுங்கள். நல்ல வியாபாரி தயங்க மாட்டார். "அதற்கு இணையானது" என்றால், இணையானதன் எண் என்ன என்று கேட்டு, மேலே சொன்னவற்றை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இறந்த பிக்சல் (ஒளிராத புள்ளி) எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள், பாதுகாப்புப் படலத்தை உரித்த பின் திருப்பி எடுப்பார்களா என்பதையும் வாங்கும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய பேனல் மோசமான தேர்வு அல்ல. அதே எண்ணில் கிடைத்தால், வேறு எண்ணில் வரும் புதியதைவிட நிம்மதி. வெள்ளைத் திரை போட்டு எடுத்த படத்தைக் கேளுங்கள். அழுத்தத்தால் வந்த வெண்புள்ளிகளும் ஓரக் கறுப்பும் அதில்தான் தெரியும்.

கழற்றி மாட்டுவது

சார்ஜரைப் பிடுங்கி, மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் விடக் கூடாது. பின் அடிமூடியைத் திறந்து பேட்டரியின் கனெக்டரைக் கழற்ற வேண்டும். நேரமில்லை என்று இந்தப் படியைத் தாண்டுவதுதான் மிகப் பெரிய தவறு. பேட்டரி இணைந்திருந்தால் லேப்டாப் அணைந்திருந்தாலும் டிஸ்ப்ளே கனெக்டரில் மின்சாரம் இருக்கலாம். செருகும்போது சற்றுச் சாய்ந்து இரண்டு பின்கள் உரசினால் பேக்லைட் ஃப்யூஸ் போய்விடும். லெனோவோ திங்க்பேடுகளில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) உள் பேட்டரியைத் துண்டிக்க ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். பேட்டரியைக் கழற்றிய பின் பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் வெளியேற்றுங்கள். அடிமூடி ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு காகிதத்தில் லேப்டாப்பை வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வரும்.

உடைந்த கண்ணாடி மீது அகலமான ஒட்டும் டேப்பை வரிசையாக ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள், சிதறல் கண்ணில் படாது. திரையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைத்தான் பெசல் என்கிறார்கள். ஓரங்களில் சிறு ரப்பர் மூடிகள் இருந்தால் அவற்றின் கீழே ஸ்க்ரூ இருக்கும். பிறகு பெசலின் உள்விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்து, டிக் டிக் என்று ஒவ்வொரு பிடியாக விடுவித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். ஸ்க்ரூட்ரைவர் முனையால் நெம்பினால் பெசல் பிளக்கும். பசையால் ஒட்டிய பெசல் என்றால், கைவைத்தால் சூடு தாங்கும் அளவுக்கு ஹேர் ட்ரையரால் இளக்கிக்கொள்ளுங்கள். கீல் பக்கத்தைக் கடைசியாக எடுங்கள், அங்கேதான் பிடி இறுக்கம்.

ஸ்க்ரூ உள்ள பேனல் என்றால் அவற்றை எடுத்துவிட்டு, பேனலின் மேல் ஓரத்தைப் பிடித்து விசைப்பலகை மீது முகம் கவிழ்த்துப் படுக்க வையுங்கள். கீழே மெத்தென்ற துணி விரித்திருக்க வேண்டும். கேபிள் இன்னும் இணைந்திருக்கிறது, இழுத்துவிடாதீர்கள். இழுவை டேப் உள்ள பேனலில், பக்கவாட்டில் கீழே டேப்பின் வால் தெரியும். அதைப் பிடித்து, பேனலோடு ஏறக்குறையத் தட்டையாக, மெதுவாக நீட்டி இழுத்தால் சூயிங்கம் போல நீண்டு வெளியே வரும். வெடுக்கென்று மேல்நோக்கி இழுத்தால் அறுந்துவிடும். புதுப் பேனலுக்குப் புது இழுவை டேப் தனியாக வாங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், பேனலோடு அது வருவதில்லை.

இப்போது கனெக்டர். மேலே ஒட்டியிருக்கும் தெளிவான டேப்பை மெல்ல உரியுங்கள். கீழே கேபிளின் முனையில் ஒரு மெல்லிய கம்பி வளையம், வாளியின் கைப்பிடி போல, கனெக்டரின் மீது படுத்திருக்கும். அதை நகத்தால் நிமிர்த்துங்கள். நிமிர்ந்ததும் அதைப் பிடித்து, பேனலின் பரப்போடு ஒட்டி, கேபிள் வரும் திசையிலேயே பின்னோக்கி நகர்த்துங்கள். வழுக்கிக்கொண்டு வெளிவரும். இதை மேல்நோக்கித் தூக்கக் கூடாது. தூக்கினால் பேனல் பக்கத்துக் கனெக்டர் போர்டில் இருந்து பெயர்ந்து வரும், கேபிளின் பின்களும் வளையும். கம்பி வளையம் இல்லாத வகைகளும் உண்டு. அவற்றை இரு ஓரங்களிலும் நகத்தை வைத்து, மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தள்ளி எடுக்க வேண்டும்.

புதுப் பேனலில் செருகும்போது இதே வழியில் தட்டையாக முன்னோக்கித் தள்ளுங்கள். இருபுறமும் உலோக விளிம்பு சமமாக உள்ளே போயிருக்க வேண்டும்; ஒரு பக்கம் முடி அளவு சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி செருகுங்கள். பிறகு கம்பி வளையத்தைப் படுக்க வைத்து டேப்பை ஒட்டுங்கள்.

பெசலை மூடுவதற்கு முன் கட்டாயம் சோதியுங்கள். பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல் பேட்டரியை இணைத்து ஆன் செய்து, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை முழுத்திரையில் பாருங்கள். வெளிச்சத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மூடியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மறுபடி அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேனலை நிலைநிறுத்துங்கள். பேனலைத் தூக்கும்போது கீழ் ஓரத்து சர்க்யூட் போர்டைப் பிடிக்க வேண்டாம். இரண்டு பக்க ஓரங்களையும் பிடியுங்கள்.

மாட்டிய பின் வரும் கோளாறுகள்

பேக்லைட் எரிகிறது, படம் இல்லை என்றால் கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது லேன் போதவில்லை. முதலில் மறுபடி செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே தீரும். மதர்போர்டு பக்கத்து முனையையும் ஒருமுறை பாருங்கள்.

படம் டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிறது, பழைய பேனலில் பேக்லைட் எரிந்துகொண்டிருந்தது என்றால், செருகும்போது ஃப்யூஸ் போயிருக்கலாம். இன்னொரு பேனல் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். மதர்போர்டில் நுண் சாலிடரிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஃப்யூஸ் மட்டும்தான் போயிருந்தால் சிறிய வேலை.

திரையின் ஒரு மூலையில் மட்டும் வெளுத்த ஒளி கசிந்தால் அந்த மூலை ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். பேனல் அழுத்தப்படுகிறது. பெசல் ஓரிடத்தில் உப்பிக்கொண்டு நின்றால் அழுத்தி மூடாதீர்கள், கீழே கேபிளோ வெப்கேம் கம்பியோ தன் பள்ளத்தை விட்டு வெளியே கிடக்கிறது. வைஃபை திடீரென்று பலவீனமானால், ஆன்டெனா கம்பிகளைப் பாருங்கள். பல லேப்டாப்களில் அவை மூடிக்குள் பேனலின் ஓரமாகத்தான் ஏறிச் செல்கின்றன, கீல் அருகே நசுங்கியிருக்கும் அல்லது வைஃபை கார்டில் இருந்து கழன்றிருக்கும்.

பெசலை முழுதாக மூடிய பிறகு மூடியை மிக மெதுவாகச் சாத்துங்கள். கடைசி இரண்டு விரல் இடைவெளியில் ஏதாவது தடுத்தால் அங்கேயே நிறுத்தித் திறந்து பாருங்கள். விசைப்பலகை மீது மறந்துவிட்ட ஒரு சிறு ஸ்க்ரூ போதும், புதுத் திரையை நடுவில் விரிசல் விட வைக்க.